மணி அடிக்கிறது, குரல் வரவில்லை



கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் லைக் போட்டுவிட்டு ராத்திரி வந்து படியுங்கள். முக்கியமாக, பொறியியல் கல்லூரிகளில் வேலை பார்க்கிற நம் மாணவர்கள் கடைசி வரை படிக்க வேண்டும். விஷயம் உங்களுக்குத்தான்.

நம் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்து, இப்போது ஒரு பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக இருக்கிற மாணவர் ஒருவர் போன மாதம் புளியங்குடி வந்திருந்தார். கல்லூரிப் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. காப்பி குடித்து முடித்ததும் விஷயத்துக்கு வந்தார்.

"சார், இன்டர்நெட் வழியா போன் பேசுற டெக்னாலஜிக்கு ஒரு லேப் போடணும்னு கேட்டிருந்தேன். சரின்னுட்டாங்க. ஆனா ஒரு கம்பெனிக்காரங்க ட்ரெய்னர் கிட் விக்க வந்திருக்காங்க. அதையே வாங்கிட்டா வேலை முடிஞ்சுதுன்னு நினைக்கிறாங்க. நான் வேற மாதிரி ஒண்ணு செஞ்சு வச்சிருக்கேன். நீங்க ஒரு தடவை வந்து பாக்கணும்."

"நான் இயற்பியல் வாத்தியார்டே, எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்?" என்றேன்.

"டயல் போனைக் கழட்டிக் காமிச்சது நீங்கதான சார்?" என்றார்.

உங்களில் பலருக்கு அது ஞாபகம் இருக்கலாம். ஒரு பழைய கறுப்பு டயல் போனை வகுப்புக்குக் கொண்டுவந்து, பேசுகிற பக்க மூடியைத் திருகிக் கழற்றி, உள்ளே இருக்கிற கரித்தூள் டப்பாவை எடுத்துக் கையில் கொடுப்பேன். குரல் பட்டால் கரித்தூள் இறுகும், தளரும். மின்தடை மாறும், மின்னோட்டமும் கூடவே மாறும். அதைக் குலுக்கிப் பார்த்த பையன் பரீட்சையில் அந்தக் கேள்வியைத் தப்பாக எழுதியதே இல்லை. ஆகவே போனேன்.

ஒரு சின்ன அறை. அலுவலகத்தில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் ஒன்று சர்வராக ஓடுகிறது. அதில் ஆஸ்டெரிஸ்க் என்ற இலவச மென்பொருள். 1999இல் அமெரிக்காவில் மார்க் ஸ்பென்சர் என்ற கல்லூரி மாணவர் எழுதியது. தன் சின்னக் கம்பெனிக்கு ஒரு டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வாங்கக் காசில்லை, எனவே தானே எழுதிக்கொண்டார். அந்தக் கம்ப்யூட்டரோடு ஒரு சுவிட்ச், ஒரு வைஃபை பெட்டி, செகண்ட் ஹேண்டில் வாங்கிய நாலைந்து மேஜை போன்கள். மற்றபடி மாணவர்கள் தங்கள் செல்போனிலேயே ஓர் ஆப் போட்டு எக்ஸ்டென்ஷன் ஆக்கிக்கொள்கிறார்கள். எல்லாம் சேர்த்து ஒரு நல்ல லேப்டாப் விலைக்குள் முடிந்துவிட்டதாம்.

நான் போன நேரத்தில் மூன்று மாணவிகள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்கு அடித்தால் மணி அடிக்கிறது. எடுக்கிறார்கள். ஒரு பக்கம் பேசுவது மறுபக்கம் கேட்கிறது, மறுபக்கம் பேசுவது இந்தப் பக்கம் கேட்கவில்லை. காலையிலிருந்து அதே கதை. "எல்லா மெசேஜும் சரியா வருது சார், 200 ஓகேயும் வந்திருச்சு, குரல் மட்டும் வரல" என்றது ஒரு பிள்ளை, அழாத குறையாக.

எனக்கு விளக்கினார்கள். நான் புரிந்துகொண்டபடி நம்ம ஊர் பாணியில் சொல்கிறேன்.

இன்டர்நெட் போனில் அழைப்பு வேறு, குரல் வேறு. இரண்டும் ஒரே வழியில் போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அழைப்பைப் பேசி முடிப்பது எஸ்.ஐ.பி. என்ற முறை. (மியூச்சுவல் ஃபண்ட் எஸ்.ஐ.பி. இல்லை, மருமகன்கள் பதற வேண்டாம்.) குரலைச் சுமப்பது ஆர்.டி.பி. என்ற இன்னொன்று. நம்ம எலுமிச்சை மார்க்கெட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கமிஷன் கடையில் வியாபாரம் பேசி முடிகிறது. விலை, மூட்டைக் கணக்கு, எங்கே இறக்க வேண்டும் எல்லாம் அங்கேதான். ஆனால் சரக்கு கடைக்குள் வந்து போக வேண்டியதில்லை. தோட்டத்திலிருந்து லாரி நேராகக் கேரளாவுக்குப் போகலாம். எஸ்.ஐ.பி. கமிஷன் கடை, ஆர்.டி.பி. லாரி.

சரி, கேரளாக்காரர் இறக்க வேண்டிய முகவரியாக 'மேலத்தெரு, 5ஆம் நம்பர்' என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் லாரி எங்கே போகும்? எல்லா ஊரிலும் ஒரு மேலத்தெரு இருக்கிறது. அந்த மேஜை போனும் இதைத்தான் செய்திருந்தது. கல்லூரிக்குள் மட்டும் செல்லுபடியாகும் 192.168 என்று தொடங்கும் முகவரியை வெளியே இருக்கிற போனுக்குக் கொடுத்திருக்கிறது. வியாபாரம் முடிந்தது, லாரியும் கிளம்பியது, சரக்கு வந்து சேரவில்லை. அந்தப் பிள்ளைகள் வயர்ஷார்க் என்ற மென்பொருளில் ஒவ்வொரு பொட்டலமாகத் திறந்து பார்த்து, மத்தியானம் மூன்று மணிக்கு அந்த வரியைக் கண்டுபிடித்தார்கள். குரல் இரண்டு பக்கமும் கேட்டபோது போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பு வாத்தியார் எட்டிப் பார்த்தார்.

அதற்குப் பிறகு அந்த கிட்டையும் பார்த்தேன். விற்க வந்தவர்கள் மாதிரிக்கு ஒன்றை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அழகான பெட்டி. முன்பக்கத்தில் படம் வரைந்து, அம்புக்குறி போட்டு, சின்னச் சின்ன விளக்குகள். முதல் பட்டனை அழுத்தினால் அழைப்பு போகும், இரண்டாவதை அழுத்தினால் குரல் வரும். கூடவே பத்து பரிசோதனைகளுக்கான கையேடு, ஒவ்வொன்றுக்கும் வரவேண்டிய விடை அச்சாகியே இருக்கிறது. ரெக்கார்டு நோட்டில் அப்படியே எழுதிக்கொள்ளலாம். அந்தப் பெட்டியில் மணி அடித்துவிட்டுக் குரல் வராமல் போகவே போகாது. அதுதான் எனக்கு அதன் மேல் உள்ள ஒரே புகார்.

நிர்வாகத்தின் பக்கமும் யோசித்துப் பார்த்தேன், ஏனென்றால் நானும் லேப் சாவியை இடுப்பில் கட்டிக்கொண்டு திரிந்தவன்தான். அறுபது பிள்ளைகள், மூன்று மணி நேர வகுப்பு. வெளியிலிருந்து தேர்வாளர் வருகிற அன்றைக்கு ஒன்றும் பழுதாகக் கூடாது. ஆய்வுக்குழு வந்தால் காட்டப் பளபளவென்று ஏதாவது இருக்க வேண்டும். பெட்டிக்கு ரசீது உண்டு, ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏற்றலாம். பழைய கம்ப்யூட்டரில் ஓடும் இலவச மென்பொருளை எந்தக் காலத்தில் ஏற்றுவது? இந்தச் சங்கடங்கள் எல்லாம் உண்மை. ஆனால் இவை எல்லாமே பெரியவர்களின் சங்கடங்கள். பிள்ளைக்கு இவற்றால் ஒரு லாபமும் இல்லை.

அன்று என்னையும் சோதனை எலியாக்கினார்கள். அடுத்த அறையில் ஒரு மாணவி, என் கையில் ஒரு போன். நடுவில் சர்வரில் ஒரு கட்டளை கொடுத்து வேண்டுமென்றே தாமதத்தைக் கூட்டுகிறார்கள். நூறு மில்லி செகண்டில் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. முந்நூறில் நானும் அந்தப் பிள்ளையும் ஒருவர் பேச்சில் ஒருவர் விழ ஆரம்பித்தோம். ஐந்நூறில் இரண்டு பேரும் "சொல்லுங்க, நீங்க சொல்லுங்க" என்பதைத் தவிர வேறு எதுவும் பேச முடியவில்லை. ஒரு வழித் தாமதம் 150 மில்லி செகண்டுக்குள் இருந்தால் பெரும்பாலும் தொந்தரவில்லை, 400ஐத் தாண்டக் கூடாது என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வகுத்திருக்கிறது. அந்த எண்களைப் புத்தகத்தில் படித்தால் பரீட்சை மறுநாள் மறந்துபோகும். காதில் கேட்டால் மறக்காது.

எனக்கோ பழைய ஞாபகம் வந்தது. வளைகுடாவுக்குப் போன நம் பையன்கள் எஸ்.டி.டி. பூத்துக்குக் கூப்பிட்ட காலத்தில், அம்மாக்கள் "ஹலோ" சொல்லிவிட்டுக் கொஞ்சம் காத்திருப்பார்கள், ஞாபகமா? அழைப்பு செயற்கைக்கோள் வழியாக வந்தால் குரல் சுமார் 36,000 கிலோமீட்டர் மேலே போய் அதே அளவு கீழே இறங்க வேண்டும். ஒளியின் வேகத்தில் போனாலும் அதற்கே கிட்டத்தட்ட கால் செகண்ட். மகன் பதில் சொல்லி அது திரும்பி வர இன்னொரு கால் செகண்ட். அந்த அரை செகண்டில் எத்தனை தாய்மார்கள் மகனுக்கு ஏதோ மனவருத்தம் என்று நினைத்துக்கொண்டார்களோ!

பொட்டலக் கணக்கும் பிள்ளைகள் செய்து காட்டினார்கள். சாதாரண டெலிபோன் தரத்தில் குரலை ஒரு செகண்டுக்கு 8,000 தடவை அளந்து, ஒவ்வொரு அளவையும் 8 பிட்டில் எழுதுகிறார்கள். செகண்டுக்கு 64,000 பிட். இதை 20 மில்லி செகண்டுக்கு ஒரு பொட்டலமாகக் கட்டினால் செகண்டுக்கு 50 பொட்டலம், ஒவ்வொன்றிலும் 160 பைட் குரல். அதன் மேல் முகவரிச் சீட்டுகள் மட்டும் 40 பைட். குரலை இன்னும் இறுக்கிச் சுருக்கும் ஜி.729 என்ற முறையில் குரல் வெறும் 20 பைட்தான், ஆனால் சீட்டு அதே 40. இருபது கிலோ பழத்தை நாற்பது கிலோ பெட்டியில் வைத்து அனுப்புகிற கதை. இதை ஒரு மாணவன் கண்டுபிடித்துவிட்டு, "அப்ப பெரிய பொட்டலமாக் கட்டினா என்ன சார்?" என்று கேட்டான். கட்டலாம், ஆனால் பெட்டி நிறையக் காத்திருக்க வேண்டும், தாமதம் கூடும். தவிர, ஒரு பொட்டலம் தொலைந்தால் ஒரு சொல்லே காணாமல் போகும். இந்தக் கேள்விக்கு அந்த கிட் பெட்டியில் பட்டன் இல்லை.

இது நம்ம ஊர் வாத்தியார் ஒருவரின் பிடிவாதம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. எஸ்.ஐ.பி. முறையை உருவாக்கியவர்களில் ஒருவரான ஹென்னிங் ஷுல்ஸ்ரின், நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர். அந்த முறை 1999இல் முதல் தடவை தரமாக வெளியானது. 2001இல் அவரும் அவருடைய மாணவர்களும் ஒரு கட்டுரை எழுதினார்கள். 'எக்ஸ்சேஞ்சைக் குப்பையில் போடுவதை நோக்கி' என்பது போன்ற தலைப்பு. அதை எழுதியவர்களில் குந்தன் சிங் என்ற மாணவரும் உண்டு. தாங்கள் எழுதிய மென்பொருளைத் தங்கள் துறையிலேயே ஓடவிட்டு, பழைய எக்ஸ்சேஞ்சோடு ஒரு கேட்வே வழியாகச் சேர்த்து, நிஜமான அழைப்புகளை நடத்திய அனுபவம் அது. அதாவது லேப் என்பது பூட்டிய அறை இல்லை, வாத்தியார் மேஜையில் இருக்கிற போன். அது பழுதானால் வாத்தியாரே வந்து கேட்பார். அதைவிட நல்ல தேர்வாளர் யார்?

நம் சென்னையிலேயே இதற்கு முன்னோடி உண்டு. 1990களில் ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா, பாஸ்கர் ராமமூர்த்தி முதலானோர் சேர்ந்து டெநெட் என்ற குழுவை நடத்தினார்கள். ஒரு இணைப்புக்கு ஆகும் செலவை வெகுவாகக் குறைத்தால் ஒழிய கிராமத்துக்குப் போன் வராது என்பது அவர்கள் கட்சி. ஐ.ஐ.டி.யில் படித்தவர்கள் தொடங்கிய மைடாஸ் என்ற நிறுவனத்தோடும் அனலாக் டிவைசஸ் நிறுவனத்தோடும் சேர்ந்து கார்டெக்ட் என்ற கம்பியில்லா இணைப்பை உண்டாக்கினார்கள். பேச்சும் இன்டர்நெட்டும் ஒரே இணைப்பில் வரும். மதுரை பக்கம் மேலூர் வட்டாரக் கிராமங்களில் 2001 முதல் அதை வைத்து இன்டர்நெட் மையங்கள் நடந்தன. அங்கிருந்து கண் படங்களை அரவிந்த் மருத்துவமனைக்கு அனுப்பிப் பார்த்தார்கள். பிறகு செல்போன் வெள்ளம் வந்தது, கார்டெக்ட் அடித்துப்போகப்பட்டது. அதைத் தோல்வி என்று சொல்பவர்கள் உண்டு. நான் சொல்ல மாட்டேன். கையால் ஒரு டெலிபோன் அமைப்பைக் கட்டிப் பார்த்த ஒரு தலைமுறை இன்ஜினியர்கள் அங்கிருந்து வெளியே வந்தார்கள். பெட்டியின் பட்டனை அழுத்தி அப்படி ஒரு தலைமுறை வராது.

"இதெல்லாம் வாட்ஸ்அப்பில் இருக்கே, இனிமேல் கற்றுக்கொண்டு என்ன ஆகப்போகிறது?" என்று என் மைத்துனர் கேட்டார். நியாயமான கேள்விதான். 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபோது அதன் குரல் அழைப்புகள் எல்லாமே 4ஜி வழியாகப் பொட்டலங்களாகத்தான் போயின. அதன் அடியில் இருப்பதும் இதே எஸ்.ஐ.பி. வகைதான். வங்கிக்கு அடித்தால் "தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்" என்கிற கால் சென்டர், 108க்கு அடித்தால் எடுக்கிற கட்டுப்பாட்டு அறை, இப்படி எங்கேயும் இதைக் கட்டிக் காப்பாற்ற ஆள் வேண்டும். நமக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் 2011 முதல் ஜோஹோ அலுவலகம் நடத்துகிறது. அவர்களிடம் ஜோஹோ வாய்ஸ் என்றே ஒரு தயாரிப்பு இருக்கிறது. சங்கரன்கோவில், கடையநல்லூர் பிள்ளைக்கு இந்த வேலை சென்னையில்தான் என்று இனி சொல்ல முடியாது.

வேலையைவிட எனக்குப் பெரிதாகப் படுவது இன்னொன்று. அன்று ஒரு மாணவன் என்னை உட்கார வைத்து, பக்கத்து மேஜையிலிருந்து அழைத்தான். என் போன் திரையில் 'காவல்துறை' என்று வந்தது. அடுத்த தடவை 'வங்கி மேலாளர்'. கடைசியில் என் மனைவி பெயரையே போட்டான், தூக்கிவாரிப் போட்டது. லேப்புக்குள் மட்டும் ஓடுகிற போன் என்பதால் பாதகமில்லை. எஸ்.ஐ.பி.யில் அனுப்புநர் பெயர் என்பது இன்லேண்ட் லெட்டரின் பின்பக்கத்தில் நாமே எழுதுகிற மாதிரிதான். தபால்காரர் சரிபார்க்க மாட்டார். சரிபார்க்கிற வேலையை நடுவில் இருக்கிற கம்பெனிகள் செய்ய வேண்டும். 2024 அக்டோபரில் மத்திய அரசு, வெளிநாட்டிலிருந்து இந்திய எண் போல வேஷம் போட்டு வரும் அழைப்புகளைத் தடுக்க ஓர் ஏற்பாட்டைத் தொடங்கியது. முதல் 24 மணி நேரத்தில் மட்டும் 1.35 கோடி அழைப்புகள் அப்படிப் பிடிபட்டதாக அரசே சொன்னது.

'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று மிரட்டிப் பணம் பறிப்பதில் ஏமாந்தவர்களில் படித்த, ஓய்வுபெற்ற, என்னைப் போன்ற ஆட்கள் நிறைய. "திரையில் பேர் வந்ததே" என்கிறார்கள். அந்த லேப்பில் பதினைந்து நிமிஷம் உட்கார்ந்தால் இனி அப்படிச் சொல்ல மாட்டார்கள். மாதம் ஒரு சனிக்கிழமை ஊர்க்காரர்களைக் கூப்பிட்டு இந்த ஒரு பரிசோதனையை மட்டும் மாணவர்கள் செய்து காட்டலாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். (யாராவது ஏமாந்துவிட்டால் உடனே 1930க்கு அடியுங்கள். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள்.)

சட்டப் பக்கத்திலும் எச்சரிக்கை வேண்டும், அதை அந்த மாணவரிடமும் சொன்னேன், அவருக்கு என்னைவிட நன்றாகவே தெரிந்திருந்தது. நம் நாட்டில் 2002 ஏப்ரல் 1 வரை இன்டர்நெட் டெலிபோனுக்கே அனுமதி இல்லை. பிறகும் நீண்ட காலம், இன்டர்நெட்டிலிருந்து உள்நாட்டுச் சாதாரணப் போனுக்கு அழைக்கக் கட்டுப்பாடு இருந்தது. துபாயில் இருக்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, வாட்ஸ்அப்பில் எழுதலாம், பேச முடியாது. ஆகவே லேப் கல்லூரி வளாகத்துக்குள்ளேயே ஓட வேண்டும். வெளி உலகத்தோடு சேர்ப்பதானால் உரிமம் பெற்ற நிறுவனத்திடம் முறையாக இணைப்பு வாங்கித்தான் சேர்க்க வேண்டும். ஆர்வக்கோளாறில் யாரோ ஒரு பையன் சிம் கார்டுகளைச் செருகி வெளிநாட்டு அழைப்பை உள்ளூர் அழைப்பாக மாற்றினால், அது புராஜெக்ட் இல்லை, போலீஸ் கேஸ். இதை முதல் வகுப்பிலேயே சொல்லிவிட வேண்டும். கடவுச்சொல்லை 1234 என்று வைத்த சர்வரை இன்டர்நெட்டில் திறந்து வைத்தால் என்ன ஆகும் என்பதையும்.

பணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நல்ல யு.பி.எஸ். வேண்டும், நம்ம பக்கத்து மின்சாரத்தை நம்பி எக்ஸ்சேஞ்ச் நடத்த முடியாது. அதைவிட முக்கியமாக ஒரு லேப் உதவியாளர் வேண்டும், சாயங்காலம் ஏழு மணி வரை அறையைத் திறந்து வைக்க. பெட்டிக்குக் கொடுக்க இருக்கிற பணத்தில் அந்த ஆளுக்குச் சம்பளம் கொடுங்கள் என்பதுதான் என் கட்சி. அறுபது பேருக்கு நேரம் போதாது என்றால், பிள்ளைகளை நாலு நாலு பேராகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் கல்லூரியின் ஒரு பகுதியைக் கொடுத்துவிடலாம். இவர்களுக்கு நூலகம், அவர்களுக்கு விடுதி. அங்கே இருக்கிற இன்டர்காம் அவர்கள் பொறுப்பு. விடுதி வார்டன் போன் வேலை செய்யாவிட்டால் மார்க் குறையும். ரெக்கார்டு நோட்டில் என்ன பழுது வந்தது, எப்படிக் கண்டுபிடித்தோம் என்று எழுதட்டும். இரண்டு குழுவின் நோட்டு ஒன்றுபோல் இருந்தால் காப்பி என்று உடனே தெரிந்துவிடும், பழுது யாருக்கும் ஒரே மாதிரி வராது.

கிட் வாங்குவதா, இந்த அறையையே பெரிதாக்குவதா என்று இந்த மாதக் கடைசியில் அங்கே கூடிப் பேசி முடிவெடுக்கப் போகிறார்கள். அந்தக் கூட்டத்துக்கு என்னையும் பார்வையாளராகக் கூப்பிட்டிருக்கிறார்கள். கரித்தூள் டப்பா இன்னும் என்னிடம் இருக்கிறது, கொண்டுபோகலாம் என்று எண்ணம்.

உங்களிடம் இரண்டு உதவி கேட்கிறேன். பெங்களூரு, சென்னை ஆபீஸ்களில் எல்லாரும் ஹெட்செட்டுக்கு மாறிவிட்டதால் பழைய ஐ.பி. மேஜை போன்களை மூட்டை கட்டிப் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். உங்கள் கம்பெனியில் முறைப்படி எழுதி வாங்க முடிந்தால் பத்துப் பதினைந்து வேண்டும், சார்ஜர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. இரண்டாவது, டெலிகாம் கம்பெனிகளில் வேலை பார்க்கிறவர்கள் யாராவது அந்தக் கூட்டத்துக்கு நேரிலோ வீடியோவிலோ வந்து, வேலைக்கு ஆள் எடுக்கும்போது நீங்கள் என்ன கேள்வி கேட்பீர்கள் என்று ஐந்து நிமிஷம் சொன்னால் போதும். நான் சொல்வதைவிட அது எடுபடும்.

எனக்கு நேராகக் கூப்பிடுங்கள், சாயங்காலம் ஐந்துக்கு மேல். போன் நம்பரை கமென்ட்டில் போட வேண்டாம், போன தடவை போட்டதற்கு இன்னும் லோன் வேண்டுமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.